பிளாக்செயின் இருக்கட்டும், சட்டம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏற்றுமதியில் பிளாக்செயின் (பலர் பகிர்ந்து வைக்கும், பிறகு மாற்ற முடியாத கணினிப் பதிவேடு) வந்தால் காகிதமும் மோசடியும் சேர்ந்தே ஒழியும் என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியிருந்தார். படித்த எனக்கு அந்த உற்சாகம் வரவில்லை.

டிரேட்லென்ஸ் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. மெர்ஸ்க் கப்பல் நிறுவனமும் ஐபிஎம்மும் 2018-இல் தொடங்கிய பிளாக்செயின் சரக்கு ஆவணத் தளம் அது. எம்.எஸ்.சி., சி.எம்.ஏ. சி.ஜி.எம். போன்ற பெரிய கப்பல் நிறுவனங்களும் சேர்ந்தன. ஆனாலும் 2022 நவம்பரில் மூடுவதாக அறிவித்தார்கள். மென்பொருள் ஓடியது, உலக அளவில் தொழில்துறையின் முழு ஒத்துழைப்புதான் கிடைக்கவில்லை என்றார்கள். போட்டியாளர் நடத்தும் கடையில் தன் சரக்குக் கணக்கை யார்தான் மனமுவந்து வைப்பார்கள்?

மோசடிக்கு வருகிறேன். 2020-இல் சுமார் 20,000 டன் இந்திய ஆர்கானிக் பருத்திக்குப் போலிச் சான்றிதழ் இருந்ததை ஆர்கானிக் துணிகளுக்குத் தரநிலை வகுக்கும் ஜி.ஓ.டி.எஸ். அமைப்பு கண்டுபிடித்தது. அரசுத் தளத்தைப் போலவே ஒரு போலித் தளம், அதற்குப் போகிற க்யூஆர் கோடு! இந்த மாதிரிப் போலித் தாளைப் பிளாக்செயின் தடுக்கலாம், சரி. ஆனால் சாதாரணப் பருத்தியை முதல் பதிவிலேயே ஆர்கானிக் என்று ஏற்றிவிட்டால், அந்தப் பொய்யும் அழியாமல் பத்திரமாக இருக்கும். பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் ஜின்னிங் மில்லுக்கு நேரில் போய்ப் பார்க்க ஆள் வேண்டும்.

காகிதம் ஒழியாததற்கு முக்கியக் காரணம் பில் ஆஃப் லேடிங் (பி.எல்.), அதாவது சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம். ஒரிஜினல் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் சரக்கு. எல்.சி.க்கு (இறக்குமதியாளர் சார்பில் வங்கி தரும் பண உறுதிக் கடிதம்) வங்கி பணம் தருவதும் அதைப் பார்த்துத்தான். தூத்துக்குடியில் ஏற்றிய கன்டெய்னர் கொழும்பில் இறங்கிய பிறகும் ஒரிஜினல் பி.எல். வங்கிகளுக்கிடையே கூரியரில் சுற்றிக்கொண்டிருக்கும். அப்புறம் இன்டெம்னிட்டி கடிதம் (நஷ்டம் வந்தால் ஈடு செய்வேன் என்ற உறுதி) கொடு, இல்லாவிட்டால் டெமரேஜ் (தாமதக் கட்டணம்) கட்டு என்று அலைச்சல். கணினிப் பதிவையும் கையில் உள்ள ஒரிஜினலாகச் சட்டம் ஏற்றால்தான் இது தீரும்.

இதற்கான மாதிரிச் சட்டத்தை ஐ.நா.வின் வணிகச் சட்ட ஆணையமான யுன்சிட்ரல் 2017-இலேயே தந்துவிட்டது. சிங்கப்பூர் 2021-இல் அதன் வழியில் தன் சட்டத்தைத் திருத்தியது. பிரிட்டனின் சட்டம் 2023 செப்டம்பர் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம்பகமான முறை எதுவானாலும் சரி என்கிறது அது; பிளாக்செயின் கட்டாயமில்லை. நாமோ 1856-ஆம் ஆண்டு பில் ஆஃப் லேடிங் சட்டத்தை 2025-இல்தான் மாற்றினோம். அதிலும் மின்னணு பி.எல். பற்றி வெளிப்படையாக ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டோம். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு பழைய சட்டத்தைக் கையில் எடுத்தவர்கள் இதைச் சேர்க்க மறந்தார்களா, தள்ளிப்போட்டார்களா?

கட்டுரையாளர் அடுத்த முறை எழுதும்போது, மின்னணு பி.எல்.லுக்கு எப்போது தெளிவான சட்ட இடம் கிடைக்கும் என்று கப்பல்துறை அமைச்சகத்திடம் கேட்டு எழுதட்டும்.

— ஏற்றுமதி ஆவணப் பிரிவு ஊழியர் ஒருவர்,
தூத்துக்குடி