சீட்டில் ஒரு வரி: தொற்றா நோய்ப் பிரிவு மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தொற்றா நோய்ப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் வணக்கம்.

என் அம்மாவுக்கு 63 வயது. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. மாதம் ஒருமுறை அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிற மகன் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். காலை எட்டு மணிக்கே வாசல் வரை நீண்டுவிடும் வரிசையை நானும் பார்க்கிறேன். அத்தனை பேரையும் பார்த்து முடிக்க வேண்டிய உங்களிடம் நீண்ட அறிவுரைகளை எதிர்பார்ப்பது நியாயமில்லை என்பதும் தெரியும். நான் கேட்பது, மருந்துச் சீட்டில் நடைக்கும் பயிற்சிக்கும் ஒரு வரி.

சில மாதங்களுக்கு முன் மருத்துவர் அம்மாவிடம் "நடக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார். அம்மா தலையாட்டினார். "தினமும் நடங்க" என்று சொல்லிக்கொண்டே மாத்திரைகளை எழுதி முடித்து அடுத்தவரை அழைத்தார். வீட்டுக்கு வந்த அம்மா வழக்கம்போல் மாத்திரை அட்டைகளைப் பழைய முறுக்கு டப்பாவில் அடுக்கி, சீட்டை மடித்து அதன் மூடிக்கடியில் வைத்தார். அந்தச் சீட்டில் உள்ளது எதையும் அவர் தவறவிட மாட்டார். சாப்பாட்டுக்குப் பின் என்றால் பின், முன் என்றால் முன். மாலையில், மருத்துவர் நடக்கச் சொன்னாரே என்று நினைவூட்டினேன். "அது எல்லாருக்கும் சொல்றதுடா. எனக்குன்னா சீட்டுல எழுதியிருப்பாங்கல்ல?" என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வாய்வார்த்தையாக வருவதை நலம் விசாரிப்பாகவும், எழுத்தில் வருவதை மருந்தாகவும் அவர் எடுத்துக்கொள்கிறார். அவர் மட்டுமல்ல, வரிசையில் அமர்ந்திருக்கும் பெரும்பாலோர் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு முழங்கால் வலிக்காக இயன்முறை மருத்துவரிடம் அனுப்பப்பட்டோம். அவர் அம்மாவைக் கைப்பிடியில்லாத நாற்காலியில் உட்கார வைத்து, கையை ஊன்றாமல் எழுந்து நிற்கச் சொன்னார். அம்மாவால் எட்டு முறை முடிந்தது. நோயாளிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், "நாற்காலியில் உட்கார்ந்து எழுதல்: காலை 8, மாலை 8. சாப்பிட்ட பின் 10 நிமிட நடை" என்று எழுதித் தேதியிட்டார். அடுத்த மாதம் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே, எத்தனை நாள் செய்தீர்கள் என்று கேட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு மாதக் காலண்டரில், கேஸ் சிலிண்டர் வந்த தேதிக்குப் பக்கத்தில், அம்மா தினமும் ஒரு புள்ளி வைக்கிறார்.

உடல் உழைப்பு மருந்துக்கு நிகராக நிற்கும் என்பதற்குச் சான்று சென்னையிலேயே இருக்கிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்றாண்டுகள் கவனித்தார்கள். பொதுவான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தி, தொடர்ந்து தொடர்பில் வைத்திருந்தவர்களில் அது 39 விழுக்காடாகக் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கொடுக்கப்பட்டவர்களிடமும் ஏறத்தாழ அதே அளவு பயன்தான் கிடைத்தது. ஆய்வில் சேரும்போது அவர்கள் நோயாளி ஆகாதவர்கள் என்பது உண்மையே. ஆனால் நோய் வந்தவர்களுக்கும் கணக்கு பெரிதாக மாறிவிடவில்லை: உழைக்கும் தசை, இன்சுலினுக்காகக் காத்திராமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்களுக்குத்தான் யாரும் சொல்வதில்லை.

நடைப்பயிற்சி பற்றி வாட்ஸ்அப்பில் வராத செய்தியா, அதற்கு மருத்துவர் எதற்கு என்று கேட்கலாம். சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர் வெறும் வயிற்றில் வெகுதூரம் நடந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கக்கூடும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர், செருப்பு கடித்துப் புண்ணாவதை அறியாமலே நடந்துகொண்டிருப்பார். ஏறும்போது நெஞ்சு இறுக்குகிறது என்பவரை நடக்க விடுவதற்கு முன் பரிசோதிக்க வேண்டும். யார், எப்போது, எவ்வளவு என்பதை நோயாளியின் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் நீங்கள்தான் தீர்மானிக்க முடியும்.

அதிகாலை நடை என்பது, காலைச் சமையல் தன் தலையில் இல்லாதவர்களுக்குப் பொருந்தும் அறிவுரை. எங்கள் தெருவில் நடைமேடை கிடையாது, இருட்டினால் நாய்கள். 2023 நவம்பரில் அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின் எட்டு கிலோமீட்டர் நடைபாதைகள், ஏற்கெனவே நடப்பவர்களுக்கு நல்ல உற்சாகம்; எட்டு முறை எழுந்து நிற்பவருக்கு அது வெகுதூரம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடல் உழைப்பு என்று வகுத்தபோதே, சிறிதளவு செய்தாலும் ஒன்றும் செய்யாததைவிட நல்லது என்றும் சேர்த்தே சொன்னது. அந்தச் சிறிதளவு எது என்பதை, சமையலறைக்கும் வாசலுக்கும் இடையில் வாழும் ஒரு பெண்ணிடம் கேட்டறிந்து எழுத வேண்டியிருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். மாத்திரைக்கு 1-0-1 (காலை ஒன்று, இரவு ஒன்று) என்று எழுதும் அதே சீட்டில், அதே பேனாவால், நடைக்கும் பயிற்சிக்கும் ஒரு வரி எழுதுங்கள். மருத்துவருக்கு நேரமில்லையென்றால், இரத்த அழுத்தம் பார்க்கும் செவிலியர் சென்ற வாரம் எத்தனை நாள், எத்தனை நிமிடம் என்று கேட்டு, அழுத்த அளவுக்குப் பக்கத்திலேயே குறித்துவைக்கலாம். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலர்களும் அதே கேள்வியைக் கேட்கலாம். அவர்களுக்கு வாசலும் தெரியும், தெருவும் தெரியும்.

வரும் மாதம் அம்மாவின் புத்தகம் உங்கள் மேசைக்கு வரும்போது கடைசிப் பக்கத்தையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். எட்டு இப்போது பன்னிரண்டாகியிருக்கிறது. அதைப் பதினைந்தாக்கலாமா, முழங்கால் தாங்குமா என்று அம்மா கேட்கிறார்.

இப்படிக்கு,
நோயாளி ஒருவரின் மகன்