பழைய காருக்கு 92ஆ, 95ஆ?

ஆசிரியர் அவர்கட்கு,

யாழ்ப்பாணத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பேணுவோர் பலர், 92 ஒக்டேன் பெற்றோலுக்குப் பதிலாக 95 ஒக்டேன் அடித்தால் எஞ்சினுக்கு நல்லதென்று நம்பிக் காசை வீணாக்குகிறார்கள். ஒக்டேன் என்பது வலுவும் அல்ல, சுத்தமும் அல்ல; அமுக்கத்தில் தானாக வெடிக்காமல் பெற்றோல் தாக்குப்பிடிக்கும் அளவு. எம்.ஜி. ரி.டி. என்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரின் அமுக்க விகிதம், அதாவது பெற்றோல்-காற்றுக் கலவையை எஞ்சின் எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பது, 7.25:1. அதற்கு 92 தாராளம். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது இங்கு ஒஸ்ரின் ஏ40 கார் மண்ணெண்ணெயில் ஓடியதற்கும் குறைந்த அமுக்கமே கைகொடுத்தது.

8.8:1 அமுக்க விகிதம் கொண்ட எம்.ஜி.பி. கார் அப்படியல்ல. ரொப் கியரில் மெதுவாகப் போகையில் அக்சிலேற்றரை அழுத்தினால் ‘டிக் டிக்’ என்று தட்டுகிறதா? 95 அடியுங்கள். கிடைக்காவிட்டால் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ரிபியூற்றரைத் திருப்பித் தீப்பொறியை 2 பாகை பிந்தவிடலாம். மிகவும் பிந்தினால் எஞ்சின் சூடேறும். தட்டலோடு ஓட்டினால் பிஸ்டன் ஓட்டையாகலாம்.

முன்பு பெற்றோலில் கலந்த ஈயத்துக்கு 95 மாற்று என்பது பெருந்தவறு. இரண்டுமே ஈயமற்றவை. ஈயமில்லாவிட்டால் பழைய எக்ஸோஸ்ற் (புகை வெளியேறும்) வால்வு மூடும்போது அமரும் இருக்கை தேய்ந்து, வால்வுக்கும் அதை அழுத்தும் ரொக்கருக்கும் இடையிலான இடைவெளி இறுகும். எம்.ஜி.பி.க்கு அது 0.015 அங்குலம், எஞ்சின் ஆறியபின் பார்க்கவேண்டும். அடிக்கடி இறுகினால் எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டைக் கழற்றிக் கடின உலோக இருக்கை போடுங்கள்.

பழைய கார் ஆர்வலர்,
யாழ்ப்பாணம்.