பர்பாங்க்கில் இருக்கும் கண்ணுவுக்கு

அன்புள்ள கண்ணு,

நலம்தானே. இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்குச் சுகர் கட்டுக்குள் இருக்கிறது. பாப்பாவுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. கோபி அத்தை வீட்டில் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள். அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன்.

போன ஞாயிறு பேசும்போது தூக்கக் கலக்கம் என்றாய். தீபாவளியன்று பேசியபோது சளி மாத்திரை என்றாய். சரி, உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரி நேரத்துக்குச் சாப்பிடு. அரிசிம்பருப்பு சாதம் குக்கரில் வைத்தால் அரைமணி நேரம்கூட ஆகாது. வெங்காயம் உரிக்கச் சோம்பலாக இருந்தால் வெங்காயம் இல்லாமலே வை. வெறும் வயிற்றோடு மட்டும் படுக்காதே.

அந்த ஆஸ்பத்திரி சீரியலில் நீ வந்த காட்சியை லைப்ரரியில் எல்லோருக்கும் காட்டினேன். அப்பாவும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, "முதலிலிருந்து வை" என்றார். அப்படியே மூன்றாவது முறையும் பார்த்தார். இதை நான் எழுதினேன் என்று அவரிடம் சொல்லாதே. சொல்வதற்கு நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டால்தானே.

என்னோடு வேலை செய்கிற அம்மா ஒருவர், அறுபத்தைந்தைத் தாண்டியவர், உன் காட்சியைப் பார்த்துவிட்டு, "டிவியில் நடிக்கிறான், பாடவும் செய்கிறான், எங்கள் டேவிட் காசிடி மாதிரி" என்றார். பள்ளிக்கூடத்துக்கு அந்த டேவிட் படம் போட்ட டிபன் பாக்ஸ்தான் கொண்டுபோவாராம். சொல்லும்போது அவர் முகம் சின்னப் பெண் மாதிரி ஆகிவிட்டது. எனக்கும் பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து டேவிட்டைப் பற்றித் தேடிப் படித்தேன். அவரே எழுதிய சுயசரிதை எங்கள் லைப்ரரியிலேயே இருந்தது. அதையும் எடுத்து வந்து படித்தேன். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை கண்ணு, அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ இருக்கிற ஊரில்தான், ஹாலிவுட் வே தெருவில், கொலம்பியா ராஞ்ச் என்று படப்பிடிப்பு இடம் ஒன்று இருந்ததே, டேவிட் நடித்த 'பார்ட்ரிட்ஜ் ஃபேமிலி' சீரியலை அங்கேதான் எடுத்தார்கள். இப்போது அதை இடித்துவிட்டார்களாமே, நீ அந்தப் பக்கம் போய்வருகிறவன், உனக்குத் தெரிந்திருக்கும். 1970 செப்டம்பரில் ஏபிசி டிவியில் ஆரம்பித்து நாலு வருஷம், 96 எபிசோட் ஓடியது. ஓர் அம்மாவும் பிள்ளைகளும் சேர்ந்து பாட்டுக்குழு நடத்துகிற கதை. பழைய ஸ்கூல் பஸ்ஸுக்குக் கட்டம் கட்டமாகக் கலர் அடித்து ஊர் ஊராகப் போவார்கள். டேவிட் மூத்த பையன் கீத். அம்மாவாக நடித்த ஷெர்லி ஜோன்ஸ் நிஜத்தில் அவருக்குச் சித்தி, அவர் அப்பாவின் இரண்டாம் மனைவி.

அந்தப் பையனை முகத்துக்காகத்தான் எடுத்தார்கள். பாட்டுக்கு வேறு ஆட்கள் வைத்துக்கொள்ளலாம், இவர் வாயசைத்தால் போதும் என்றிருந்தார்கள். அவரே இசைத் தயாரிப்பாளர் வெஸ் ஃபாரெலிடம் போய், எனக்குப் பாட வரும் என்று கேட்டு வாங்கிப் பாடினார். அந்த வருஷம் நவம்பரிலேயே 'ஐ திங்க் ஐ லவ் யூ' அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போய்விட்டது. அதில் நடித்தவர்களில் ரெக்கார்டில் நிஜமாகப் பாடியது அவரும் ஷெர்லியும் மட்டும்தான். இதைப் படித்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. ஆடிஷனில் பின்வரிசையில் போய் நில் என்றபோது, ஒரு நிமிஷம் பாடிக் காட்டட்டுமா என்று கேட்டாயே. அந்தத் தைரியம் நம் வீட்டில் யாருக்கும் கிடையாது. அப்புச்சிக்கு மட்டும் இருந்தது.

சரி, பணக் கதையைக் கேள். வாரத்துக்கு 600 டாலர் சம்பளம். பாட்டு லட்சக்கணக்கில் விற்கிறது, முகம் டிபன் பாக்ஸில், காமிக்ஸில், சிறுவர்கள் சேர்க்கிற அட்டையில் எல்லாம் இருக்கிறது, அவர் கைக்கு வருவது என்னவோ 600 டாலர். அவருடைய மேனேஜர் ரூத் ஆரன்ஸ், ஒரு காலத்தில் டேபிள் டென்னிஸ் உலக சாம்பியனாக இருந்தவர், ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தார். கையெழுத்துப் போட்டபோது பையனுக்கு 21 வயது ஆகவில்லை, அன்றைய சட்டப்படி அந்த ஒப்பந்தம் செல்லாது என்று கண்டுபிடித்து மறுபடி பேசிச் சம்பளத்தை ஏற்றினார். அந்தம்மா இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? அப்படியும் தன் படம் போட்ட சாமான் விற்ற காசில் தன் பங்கு ஒழுங்காக வரவில்லை என்று அவர் 2011-இல்கூட வழக்குப் போட்டார். நாற்பது வருஷம் கழித்து!

நீ என்னடா என்றால் பாட்டுக் கம்பெனிக்காரர்கள் அனுப்பிய ஒப்பந்தத்தைக் கட்டிலில் படுத்தபடியே ஃபோனில் விரலால் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாய். முப்பது பக்கம். உன் அப்பா கார் இன்ஷூரன்ஸ் பேப்பரையே இரண்டு நாள் வைத்துப் படிக்கிற மனுஷர். இனிமேல் எதுவாக இருந்தாலும் வக்கீலிடம் காட்டிவிட்டுப் போடு. செலவை நான் கொடுக்கிறேன். நடிகர் யூனியன் இன்ஷூரன்ஸுக்கு வேண்டிய அளவு வருமானம் இந்த வருஷம் சேர்ந்ததா என்று கேட்டேன், நீ பதில் சொல்லவில்லை. டாக்டரிடம் போக வேண்டிவந்தால் இன்ஷூரன்ஸ் வேண்டும். அதற்காகத்தான் கேட்கிறேன்.

வேலையும் அப்படித்தான் வாங்கியிருக்கிறார்கள். பகலெல்லாம் ஷூட்டிங், ராத்திரி ரெக்கார்டிங், சனி ஞாயிறு வெளியூர்க் கச்சேரி. 1971-இல் பித்தப்பையில் ஆபரேஷன் செய்யும்படி ஆகிவிட்டது, அப்போது 21 வயதுதான். மறு வருஷம் மார்ச்சில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அரங்கம் நிறைந்த கச்சேரி. போகிற இடமெல்லாம் பெண் பிள்ளைகள் கதறுகிற கூட்டம், ஹோட்டலை விட்டு வெளியே வர முடியாது. 1974 மே 26-இல் லண்டன் வைட் சிட்டி ஸ்டேடியத்தில் மேடைக்கு முன்னால் நெரிசலாகி, 14 வயதுப் பெண் ஒருத்தி மாட்டிக்கொண்டு நாலு நாளில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அது கடைசிவரை அவர் மனதை விட்டுப் போகவில்லை. ஊர் ஊராகப் பாடப் போவதை அந்தச் சுற்றோடு அப்போதைக்கு நிறுத்திக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 24. பாப்பாவை விட மூன்று வயதுதான் பெரியவர்.

ஆனால் என் தூக்கத்தைக் கெடுத்தது இதெல்லாம் இல்லை. அவர் வீட்டு விஷயம். சின்ன வயதில் நியூஜெர்சியில் தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்தார். அம்மாவும் அப்பாவும் நாடகத்தில் நடிக்கிறவர்கள், வெளியூர் போவார்கள் வருவார்கள். அவர்கள் விவாகரத்து ஆகி இரண்டு வருஷம் கழித்து, தெருவில் விளையாடுகிற பிள்ளைகள் சொல்லித்தான் இவருக்கு அது தெரியவந்தது. அப்போது ஆறு வயதுகூட ஆகியிருக்காது. வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்பா ஜாக் காசிடி நியூயார்க் பிராட்வே நாடகத்தில் டோனி விருது வாங்கிய பெரிய நடிகர். ஆனால் மகனுக்கு வந்த பேர் அவரை அறுத்தது. குடியும் இருந்தது. அப்பாவும் மகனும் பேச்சு நின்று போய்க் கிடந்தபோதே, 1976 டிசம்பரில், சிகரெட்டை அணைக்காமல் தூங்கிப்போய், வெஸ்ட் ஹாலிவுட் வீட்டில் தீப்பிடித்து அவர் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு யாரிடம் போய்ப் பேசுவது?

உன் அப்பா அப்படிப்பட்டவர் இல்லை. நீ வேலையை விட்டபோது அவர் பேசிய பேச்சு அதிகம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பொறாமைப்படுகிற மனுஷர் இல்லை, பயப்படுகிற மனுஷர். பயத்தைக் கோபமாகத்தான் காட்டத் தெரியும். அப்பாரும் அப்படித்தான். நீ ஒரு தடவை "அப்பா" என்று கூப்பிட்டால் போதும், மீதியை அவரே பேசுவார்.

2017 பிப்ரவரியில், பர்பாங்க்கிலிருந்து ரொம்பத் தூரமில்லாத அகோரா ஹில்ஸில், டேவிட் மேடையில் பாடும்போது வரிகள் மறந்து தடுமாறினார், விழுந்துவிட்டார். பார்த்தவர்கள் வீடியோ எடுத்துப் போட்டார்கள். அதற்கு முன்னால் குடித்துவிட்டுக் கார் ஓட்டி மாட்டிய வழக்குகள் இருந்தன, சிகிச்சைக்கும் போயிருந்தார். இந்த முறை ஞாபக மறதி நோய் என்று ஊருக்குச் சொன்னார். அவருடைய அம்மாவுக்கு அந்த நோய் இருந்தது, அதனால் எல்லோரும் நம்பினார்கள், பரிதாபப்பட்டார்கள். நவம்பர் 21-இல் ஃப்ளோரிடாவில் உறுப்புகள் செயலிழந்து இறந்துபோனார். 67 வயது. "எவ்வளவு காலம் வீணாகிப்போச்சு" என்பதுதான் அப்பாவின் கடைசி வார்த்தை என்று மகள் எழுதினாள். மறு வருஷம் வந்த டாகுமென்டரியில் அவரே பேசியது வெளியானது. மறதி நோயெல்லாம் இல்லை, எல்லாம் குடியால் வந்தது என்று சொல்கிறார். சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஃபோனில் சொன்னது. குரல் ரொம்பத் தெளிவாக இருந்தது கண்ணு. நான் அதை ஹாலில் தனியாக உட்கார்ந்து கேட்டேன்.

திறமை இல்லாமல் போனவர் இல்லை. சீரியல் முடிந்து நாலு வருஷம் கழித்து, 1978-இல், ஒரு போலீஸ் தொடரில் நடித்ததற்கு டிவிக்கான எம்மி விருதுப் பட்டியலில் இடம்பிடித்தார். 1993-இல் தம்பி ஷானோடு சேர்ந்து பிராட்வேயில் நடித்தார். அப்புறம் லாஸ் வேகாஸில் பெரிய மேடையில் இருந்தார். அந்த ஷானைப் பற்றியும் உனக்குச் சொல்ல வேண்டும். அவருக்கும் 1977-இல், 18 வயதில், டிவி சீரியல், முதலிடத்துக்குப் போன பாட்டு, கதறுகிற கூட்டம் எல்லாமே வந்தது. அண்ணன் பட்டதைக் கூடவே இருந்து பார்த்த பிள்ளை. பிற்பாடு சீரியலுக்குக் கதை எழுதினார், தயாரித்தார், இன்றைக்கும் அந்தத் தொழிலில் மரியாதையாக இருக்கிறார். நீயும் எழுதுகிறவன்தானே. தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு நீ எழுதின நாடகத்தைப் பற்றி இன்னும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். நடிப்பை விடு என்று சொல்லவில்லை. அதைச் சொல்கிற வீட்டில் நான் ஒருத்தியாக இருக்க மாட்டேன். எழுதுவதையும் விடாதே, அவ்வளவுதான்.

பெரிய மாமாவின் கடைசி வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். அப்போது நீ ஏழாவது படித்தாய், லீவுக்கு ஈரோடு போயிருந்தோம். மாமாவுக்கு மஞ்சள் காமாலை என்றுதான் ஊரெல்லாம் சொன்னோம். அமுச்சி கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். நீ கொல்லைப்புறத்தில் நின்று என்னிடம் கேட்டாய், நிஜமாகவே காமாலையா அம்மா என்று. அந்தப் பிள்ளைதான் நீ.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிட்டால் நீ ஃபோனை எடுப்பதில்லை. உன் ரூமில் இருந்த பையன் ஏன் வேறு வீடு போனான் என்று கேட்டேன், வாடகைப் பிரச்சினை என்றாய். போன மாதம் அவனே எனக்கு மெசேஜ் அனுப்பியிருந்தான். நல்ல பையன், அவன்மேல் கோபப்படாதே. அவன் என்ன எழுதினான் என்பதை நான் அப்பாவிடம் காட்டவில்லை. காட்டாமலே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை ஓக்லாந்திலிருந்து வருகிற விமானத்தில் டிக்கெட் போட்டாயிற்று. அப்பாதான் போட்டார், இரண்டு பேருக்கு. நாங்கள் வருவதற்கு முன்னால் வீட்டைச் சுத்தம் செய்ய வேண்டாம். எதையும் எடுத்து ஒளித்துவைக்கவும் வேண்டாம். சேர்ந்து டாக்டரிடம் போகலாம், இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அன்றைக்கு ஆடிஷன் ஏதாவது இருந்தால் போய்விட்டு வா, நாங்கள் காத்திருக்கிறோம். இந்தக் கடிதம் கிடைத்ததும் ஒரு வார்த்தை மெசேஜ் போடு. ராத்திரி எந்த நேரமானாலும் கூப்பிடு, எந்த நிலையில் இருந்தாலும் கூப்பிடு, நான் எடுக்கிறேன்.

அன்புடன்,
அம்மா