பேரிங்கும் சீலும் போன பம்புக்கு ரூ. 1,35,000 கொட்டேஷன்: பராமரிப்பு நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்,
கிழக்குக் கடற்கரைச் சாலை, சென்னை.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
(நீச்சல் குளப் பராமரிப்பு).

பொருள்: பம்பைச் சோதிக்காமலே புதியது வாங்கச் சொன்னது, தவறான மின்சாரக் கணக்குக் கொடுத்தது, பம்ப் அறையில் ரசாயனங்களை வைத்த விதம் குறித்து.

மதிப்புக்குரிய ஐயா,

எங்கள் நீச்சல் குளத்துக்கு உங்களிடம் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கிறது. ஒப்பந்தத் தொகையை முழுவதும் முன்பணமாகவே கட்டிவிட்டோம். சித்திரை வெயில் ஏறி, பிள்ளைகள் குளமே கதியென்று கிடக்கும் நேரத்தில் 2 எச்.பி. பம்ப் அலற ஆரம்பித்தது. மோட்டாரும் பம்பும் சேரும் இடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரும் கசிந்தது. உங்கள் சர்வீஸ் எண்ணுக்குச் சொன்னோம், ஆளும் தாமதமில்லாமல் வந்தார். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

வந்த தம்பி பம்பைத் திறக்கவில்லை. மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டர் கொண்டுவரவில்லை, மோட்டாரின் மின்காப்பைச் சோதிக்கும் மெகர் கொண்டுவரவில்லை. கைப்பேசியில் இரண்டு படம் எடுத்துக்கொண்டு, "சார், இதுக்கு லைஃப் முடிஞ்சுது, மோட்டார் போச்சு" என்றார். மறுநாள் காலையில் மின்னஞ்சலில் கொட்டேஷன் வந்து நின்றது: வேரியபிள் ஸ்பீடு பம்ப் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடியது), பொருத்தும் கூலி உட்பட ரூ. 1,35,000. விலை கட்டுப்படியாகாவிட்டால் 3 எச்.பி. சாதாரண பம்ப் போட்டுக்கொள்ளலாம் என்று கீழே ஒரு வரி. பழுது பார்க்க என்ன ஆகும் என்று கேட்டதற்கு, "இந்த மாடலுக்கு ஸ்பேர் வருவதில்லை" என்று பதில். உங்கள் விலைப்பட்டியலிலேயே இதே மாடலுக்கான சீல் கிட் இருக்கிறது. அந்தப் பக்கத்தின் நகலை இணைத்திருக்கிறேன்.

நான் பஞ்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். மோட்டார் போடும் சத்தத்தை வைத்தே பாதி நோயைச் சொல்லிவிடலாம். ஸ்விட்ச் போட்டதும் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் முதலில் கெப்பாசிட்டரைப் பார்க்க வேண்டும். உள்ளே ஜல்லி உருள்வதுபோல் கேட்டால், உறிஞ்சும் பக்கத்தில் காற்று இழுக்கிறதா, குப்பை பிடிக்கும் ஸ்ட்ரெய்னர் கூடை அடைத்திருக்கிறதா, குளத்தில் நீர்மட்டம் ஸ்கிம்மருக்கு (மேல்மட்டக் குப்பையை இழுக்கும் வாய்) கீழே இறங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும். வேகம் ஏற ஏறக் கீச்சென்று கத்தினால் அது பேரிங். கீழே தண்ணீரும் சொட்டினால் வரிசை தெளிவு: ஷாஃப்டைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் தேய்ந்தது, தண்ணீர் ஷாஃப்ட் வழியாக முன் பேரிங்குக்குப் போனது, கிரீஸ் கரைந்தது, பேரிங் துருப்பிடித்தது. நீச்சல் குள பம்புகளில் இதைவிடச் சாதாரணமான பழுது கிடையாது. கசிவு தொடங்கியபோதே சீலை மாற்றியிருந்தால் பேரிங்கே போயிருக்காது. மாதாமாதம் பார்வையிட வந்த உங்கள் ஆட்கள் அந்தக் கசிவை எப்படிக் கவனிக்காமல் விட்டார்கள் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

பம்பைக் கழற்றித் திருவான்மியூரில் உள்ள ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடைக்குக் கொண்டுபோனோம். முன்னும் பின்னும் பேரிங், சீல், மூடியின் ஓ-ரிங் மாற்றி, கூலியும் சேர்த்து ரூ. 4,800. 500 வோல்ட் மெகரில் வைண்டிங்கின் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) மின்காப்பு 40 மெகா ஓம் காட்டியது. ஒரு மெகா ஓமுக்குக் கீழே இறங்கினால்தான் பயப்பட வேண்டும். தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரிலும் பம்ப் உடலிலும் விரிசல் இல்லை. திரும்பப் பொருத்தி ஓட்டிப் பார்த்தபோது 8.6 ஆம்பியர். பெயர்த்தகட்டில் போட்டிருப்பதற்குள்தான் இருக்கிறது. "போன" மோட்டார் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.

புது பம்பே வேண்டாம் என்று நாங்கள் அடம்பிடிக்கவில்லை. வைண்டிங் எரிந்திருந்தால் ரீவைண்டிங் செலவும் சீல், பேரிங் செலவும் சேர்ந்து புதியது வாங்குவதை யோசிக்க வைத்திருக்கும். பம்ப் உடலில் விரிசல் இருந்தால் யோசிக்கவே வேண்டியதில்லை. எது போயிருக்கிறது என்று பார்க்காமலே முடிவு சொன்னதுதான் எங்கள் முதல் புகார்.

அடுத்தது உங்கள் மின்சாரக் கணக்கு. ஒரே வருடத்தில் போட்ட முதல் திரும்பிவிடும் என்று கொட்டேஷனில் இருக்கிறது. எப்படி என்று பிரித்துப் பார்த்தேன். இப்போதைய பம்ப் 24 மணி நேரமும் ஓடுவதாக வைத்திருக்கிறீர்கள். புது பம்ப் 24 மணி நேரமும் பாதி வேகத்தில், எட்டில் ஒரு பங்கு மின்சாரத்தில் ஓடும் என்று வைத்து, யூனிட்டுக்கு 9 ரூபாய் போட்டு, மாதம் ரூ. 10,800 மிச்சம் என்று காட்டியிருக்கிறீர்கள்.

எங்கள் பம்ப் ஓடுவது நாளுக்கு 8 மணி நேரம். பம்ப் அறையில் தொங்கும் லாக் புக்கில் உங்கள் ஆட்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். குளம் 90,000 லிட்டர், ஃபில்டர் வழியாக மணிக்குச் சுமார் 15,000 லிட்டர் போகிறது. ஆறு மணி நேரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும், மீதி இரண்டு மணி நேரம் கூடுதல் பாதுகாப்பு. பம்ப் இழுக்கும் 1.9 கிலோவாட் வீதம் 8 மணி நேரத்துக்கு 15 யூனிட்டைக் கொஞ்சம் தாண்டும். நீங்கள் எழுதியிருப்பது 45 யூனிட்டுக்கு மேல்.

வேகத்தைக் குறைத்தால் மின்சாரம் அதன் மும்மடிக்கு ஏற்பக் குறையும் (பாதி வேகத்தில் எட்டில் ஒரு பங்கு) என்பது உண்மைதான், அதில் சண்டையில்லை. மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் 12 மணி நேரம் ஓட்டினால் இப்போது சுற்றும் அதே அளவு தண்ணீர் சுற்றும். மின்சாரம் ஏழு யூனிட்டுக்குள் அடங்கும். நாளுக்கு எட்டு யூனிட் சொச்சம் மிச்சம். உங்கள் 9 ரூபாயையே போட்டாலும் மாதம் ரூ. 2,300-ஐத் தாண்டாது. ரூ. 1,35,000 திரும்ப ஏறக்குறைய ஐந்து வருடம் ஆகும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் டிரைவில் வீணாகும் மின்சாரத்தையும், பேக்வாஷுக்கு (தண்ணீரைத் திருப்பி விட்டு ஃபில்டரைக் கழுவுவது) முழு வேகத்தில் ஓட்ட வேண்டியதையும் சேர்த்தால் இன்னும் தள்ளும். வேப்பம்பூ கொட்டும் மாதங்களில் பாதி வேகத்தில் ஸ்கிம்மர் எதையும் இழுக்காது, அதை இந்தக் குளத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். நீங்கள் தரும் உத்தரவாதமோ 2 வருடம். கடலுக்கு இத்தனை பக்கத்தில், உப்புக் காற்றில், அந்த டிரைவின் எலக்ட்ரானிக் போர்டு மூன்றாம் வருடம் போனால் யார் செலவு? கொட்டேஷனில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

சாதாரண பம்புகளுக்கு "அரசாங்கமே தடை போட்டுவிட்டது" என்றும் தொலைபேசியில் சொன்னார்கள். எந்த அரசாங்கம்? நீங்கள் அனுப்பிய விளம்பரத் தாளில் இருப்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் விதி, அங்கே 2021 ஜூலை 19 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கும் ஈ.சி.ஆரில் ஓடும் எங்கள் பம்புக்கும் என்ன சம்பந்தம்?

3 எச்.பி. யோசனையைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். எங்களிடம் இருப்பது 24 அங்குல சாண்ட் ஃபில்டர், மணிக்கு 15,000 லிட்டர் அளவுக்கானது. அதற்கு மேல் தள்ளினால் தண்ணீர் மணலைக் கிழித்துக்கொண்டு ஓடும், அழுக்கு நிற்காது. ஃபில்டரைப் பொருத்தியதே நீங்கள்தான்.

மூன்றாவது விஷயத்தைப் பணத்தைவிடப் பெரிதாக நினைக்கிறோம். மோட்டாரைக் கழற்றியபோது பின்பக்க ஃபேன் மூடியும் டெர்மினல் பெட்டித் திருகுகளும் பச்சையாகவும் காவியாகவும் பூத்துப் போயிருந்தன. காரணம் அங்கேயே இருந்தது. ஆசிட் கேன்களை மோட்டார் காற்றிழுக்கும் பக்கமாக, ஒரு கேனுக்கு மூடிகூட இல்லாமல், உங்கள் ஆட்கள் அடுக்கி வைத்திருந்தார்கள். அதையொட்டியே குளோரின் பவுடர் டப்பா. ஆசிடும் குளோரின் பவுடரும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத அந்த அறைக்குள் தினமும் காலையில் எங்கள் காவலாளி போய் ஸ்விட்ச் போடுகிறார். இரண்டையும் நாங்களே பிரித்து வெவ்வேறு இடத்தில் வைத்துவிட்டோம். எடுத்த படங்கள் கடிதத்துடன் உள்ளன.

எங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான். பம்பைச் சோதிக்காமல் "மோட்டார் போச்சு" என்று முடிவு செய்தது எதன் அடிப்படையில் என்று எழுத்தில் விளக்கம் தர வேண்டும். ஒப்பந்தப்படி பம்ப் பழுதுக்கான கூலியும் சீல், பேரிங் போன்ற சிறு உதிரி பாகங்களும் உங்கள் பொறுப்பு, எனவே நாங்கள் கட்டிய ரூ. 4,800-ஐத் திருப்பித் தர வேண்டும், பில் இணைப்பில் உள்ளது. தவறான கொட்டேஷனைத் திரும்பப் பெற்று, லாக் புக்கில் உள்ள நேரத்தை வைத்துப் புதிய கணக்குத் தர வேண்டும். போர்டின் மாற்று விலை அதில் இருக்கட்டும். ரசாயனங்களை வைக்கத் தனித்தனி அலமாரி உங்கள் செலவில் அமைய வேண்டும். அது மட்டும் இந்த வாரமே நடக்க வேண்டும்.

வேரியபிள் ஸ்பீடு பம்ப் வாங்குவதா என்பதை ஆடி மாதப் பொதுக்குழுவில் வைக்கிறோம். நேர்மையான கணக்கு வந்தால் உங்கள் பெயரும் பரிசீலனையில் இருக்கும். வராவிட்டால் வேறு மூன்று இடங்களில் கேட்போம்.

பொருளின் தரத்தையும் விலையையும் சரியாகத் தெரிந்துகொள்ளும் உரிமையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தருகிறது. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்வோம். அதற்கும் அசையாவிட்டால் வழக்கறிஞர் மூலம் மேல் நடவடிக்கை எடுப்போம்.

இப்படிக்கு,
செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கத்துக்காக.

இணைப்பு: ரீவைண்டிங் கடை பில், லாக் புக் பக்கங்களின் நகல், உங்கள் கொட்டேஷன், சீல் கிட் விலைப்பட்டியல் பக்கம், பம்ப் அறைப் படங்கள்.