முதலில் ஃபேனைப் பார்

வேலூர்,
மே 12

அன்புள்ள சங்கரா,

கடிதம் கிடைத்தது. சின்னவளுக்கு வேலை கிடைத்த செய்தியை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன், எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே கத்திரி பிறந்ததிலிருந்து பதினொரு மணிக்கு மேல் தெருவில் ஆள் இல்லை. சரி, மதுரைக்காரனிடம் வெயிலைப் பற்றி என்ன பேச்சு! உன் கார் கொதிக்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

ஹெட் கேஸ்கெட் (இன்ஜினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு) போயிருக்கும், இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று அந்த மெக்கானிக் சொன்னதற்கு உடனே தலையாட்டிவிடாதே. நீ போகிற போக்கில் எழுதிய விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. திருமங்கலம் வரை நாலுவழிச் சாலையில் எண்பதில் போனாலும் சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டுவதில்லை. கோரிப்பாளையம் நெரிசலில் கொஞ்ச நேரம் நின்றால் சிவப்புக்குப் போய்விடுகிறது, அந்த நேரம் பார்த்து ஏசியும் வெறும் காற்றாக அடிக்கிறது. என் சந்தேகமெல்லாம் ரேடியேட்டர் ஃபேன் மேல்தான்.

வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே, இன்ஜின் தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடும். நின்றுவிட்டால் ஃபேன்தான் கதி. ரேடியேட்டருக்கு முன்னால் ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்ஸர் இருக்கிறது, அதற்கும் அதே காற்றுதான். அதனால்தான் இரண்டும் சேர்ந்து படுத்துக்கொள்கின்றன. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருந்தாலோ, வாட்டர் பம்ப் சரியாகத் தள்ளாவிட்டாலோ கதை வேறு. வேகமாகப் போகும்போதும் மேடு ஏறும்போதும்தான் கொதிக்கும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியிலேயே ஓரங்கட்டி பானட்டைத் தூக்கி வைத்திருப்பார்களே, அந்த வகை.

அப்பா காலத்து அம்பாசிடரில் ஃபேன் பெல்ட்டில் சுற்றும். பெல்ட் அறுந்தால் ஒழிய இன்ஜினோடு சேர்ந்து ஓடியே ஆக வேண்டும். உன் வண்டியில் அது கரண்டில் ஓடுகிறது. நின்றுபோனால் உள்ளே உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரியவே தெரியாது.

காலையில் வாசலிலேயே ஒரு சோதனை செய்து பார். பானட்டைத் திறந்து வைத்து, வண்டியை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடு. ஃபேன் சுற்றினால் மோட்டாரில் பழுதில்லை. ஏசியை அணைத்துவிட்டு முள் ஏறும்வரை காத்திரு. பாதியைத் தாண்டியும் சுற்றாமல் இருந்தால், சூடு பார்த்து ஃபேனைப் போட்டுவிடும் சுவிட்ச் போயிருக்கிறது என்று அர்த்தம். சிவப்புக்குப் போக விடாதே, அதற்கு முன்பே அணைத்துவிடு. ஆனால் நீ எழுதியதை வைத்துப் பார்த்தால் ஏசி போட்டாலுமே அது சுற்றாது என்றுதான் நினைக்கிறேன். அப்படியானால் முதலில் ஃபியூஸ், அப்புறம் ஃபேனுக்குக் கரண்டை விடும் ரிலே. ஹாரன் ரிலேயும் அதே நம்பராக இருந்தால் இடம் மாற்றிச் செருகிப் பார்க்கலாம். அதுவும் சரியாக இருந்தால், பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்துப் பார்க்கும்படி எலக்ட்ரீஷியனிடம் சொல். அப்போதும் அசையாமல், மோட்டாரை ஸ்பேனரால் லேசாகத் தட்டினால் மட்டும் சுற்றத் தொடங்கினால் உள்ளே கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: இன்ஜின் அணைந்திருந்தாலும் ஃபேன் திடீரென்று சுற்றும். கையை விடாதே.

ஃபேன் ஒழுங்காகச் சுற்றியும் கொதித்தால், கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பார். போன மாதம் மைத்துனர் வண்டியில் பார்த்தோம். முன்பக்கம் பார்க்கப் பளிச்சென்று இருந்தது. இடுக்கில் புழுதி, தும்பிச் சிறகு, புளிய இலை எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து கம்பளி மாதிரி ஒட்டிக்கிடந்தது. இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்துத்தான் எடுக்க முடிந்தது. வாட்டர் சர்வீஸில் இருக்கும் பெரிய கன்னை வைத்து அடிக்க விடாதே, தகடெல்லாம் மடங்கிவிடும்.

வண்டி ஆறியபின் ரேடியேட்டர் மூடியையும் பார், சூட்டில் திறந்துவிடாதே. அதன் ரப்பர் வெடித்திருந்தால் புதிது போடு, பெரிய செலவில்லை. அந்த மூடி பிடித்துவைக்கும் அழுத்தத்தால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 115, 120 வரை தாக்குப்பிடிக்கிறது. அப்புறம், போர் தண்ணீரை ஊற்றுவதை இன்றோடு நிறுத்து. மதுரை உப்புத் தண்ணீர் உள்ளே படிந்து குழாயை அடைத்துவிடும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி போதும்.

தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். கேட்காதே. அந்த வால்வு இன்ஜின் சூடாகும்வரை மூடியிருந்து, 80-90 டிகிரிக்குள் திறப்பது. எடுத்துவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும், பெட்ரோலும் கூடச் செலவாகும். கெட்டுப்போயிருந்தால் வேறு போட வேண்டியதுதானே!

கேஸ்கெட் பயம் தீர, ஆறிய வண்டியில் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய். தண்ணீரில் விடாமல் குமிழி வந்தாலோ, ஆயில் குச்சியில் பால் கலந்த மாதிரி நிறம் தெரிந்தாலோ மெக்கானிக் சொன்னது சரி. இல்லாவிட்டால் இப்போதைக்குப் பயமில்லை. ஆனால் சிவப்பில் வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தால் ஹெட் வளைந்து அவர் வாக்கு பலித்துவிடும்.

சரிசெய்யும்வரை நெரிசலில் முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுசாகத் திருப்பிவிடு. இன்ஜின் சூட்டில் கொஞ்சம் உள்ளே இறங்கும். மதினி திட்டுவார்கள், ஜன்னலைத் திறந்துவிட்டுச் சமாளி. அதற்கும் அடங்காவிட்டால் ஓரங்கட்டி அணைத்துவிட்டு அரைமணி நேரம் சும்மா இரு. கொதிக்கிற இன்ஜின் மேல் பச்சைத்தண்ணீரை ஊற்றினால் விரிசல் விட்டுவிடும்.

சோதனையில் என்ன தெரிந்தது என்று எழுது. ஜூன் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வருகிறாய் அல்லவா? இந்த வண்டியை நம்பாமல் இப்போதே ரயிலில் டிக்கெட் போட்டுவிடு. காட்பாடியில் நான் வந்து அழைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
குமரேசன்