சிவப்புக் காய்க்கு மூன்று புள்ளி

ராயபுரம்,
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. அலைபேசியில் பேசினால் நீ பாதியிலேயே “வகுப்புக்கு நேரமாகிவிட்டது” என்று வைத்துவிடுகிறாய்; அதனால் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதுகிறேன்.

விளையாட்டு வடிவமைக்கும் உன் படிப்புக்காக நீ செய்து அனுப்பிய அலைபேசி கேரம் விளையாட்டை, நீ கேட்டுக்கொண்டபடியே, தெருமுனை மன்றத்துப் பையன்கள் நான்கு பேரிடம் கொடுத்துவிட்டு, நான் எதுவும் சொல்லித்தராமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சொல்லித்தராமல் இருப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. முதல் பையன் நிஜ போர்டில் சுண்டுவதுபோலவே திரையில் ஸ்ட்ரைக்கரைச் சுண்டினான். நீயோ அதைப் பின்னால் இழுத்துவிட வேண்டும் என்று வைத்திருப்பதால் அது அசையவே இல்லை. அடுத்த இருவரும் அதையே செய்து, “அங்கிள், போன் ஹேங் ஆயிடுச்சு” என்று என்னிடம் நீட்டினார்கள். நான்காமவன் மட்டும் சரியாக ஆடினான். அவன் ஏற்கெனவே அலைபேசியில் வேறு கேரம் ஆடிப் பழகியவன். தொடக்கத்தில் நீ எழுதிவைத்த நான்கு வரி விளக்கத்தை ஒருவனும் படிக்கவில்லை. பையன்களைக் குறை சொல்லாதே. கேரம் தெரிந்த கை சுண்டத்தான் செய்யும்.

ஒருவர் முந்திவிட்டால் அதன் பிறகு ஆட்டம் சப்பென்று ஆகிவிடுகிறது என்று உன் ஆசிரியர் குறித்ததாக எழுதியிருந்தாய். அதற்கான மருந்து போட்டி விதியிலேயே இருக்கிறது. நீதான் அதை விட்டுவிட்டாய். 25 புள்ளி அல்லது எட்டு போர்டு, அதாவது எட்டுச் சுற்று, என்று ஆடும் ஆட்டத்தில், 22 புள்ளியை எட்டியவர் சிவப்பைப் போட்டு, அடுத்துத் தன் காய் ஒன்றை ஃபாலோவாகவும் போட்டு அந்த போர்டை வென்றாலும், சிவப்புக்கு உரிய மூன்று புள்ளி அவர் கணக்கில் சேராது. பின்தங்கியிருப்பவர் வென்றால் சேரும். எனவே முந்தியவர் சிவப்பை நம்பிக் கரையேற முடியாது. மீதிப் புள்ளிக்கு எதிராளியின் காய்கள் பலகையில் மிஞ்சும்படி முடித்தாக வேண்டும். இந்த ஒரு விதியால் 22க்கு 10 என்று நின்ற ஆட்டங்கள் தலைகீழானதை நான் பார்த்திருக்கிறேன், ஒருமுறை தோற்றும் இருக்கிறேன்.

இன்னொன்று. உன் விளையாட்டில் ஆடுபவர்களாக வரும் நான்கு படங்களும் ஆண்கள். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா நம் வடசென்னைப் பெண் என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி உன் பாடச்சுமை. துறைமுக யார்டில் முப்பது வருடம் கன்டெய்னர் பெட்டி அடுக்குவதைப் பார்த்தவன் நான். முதலில் கப்பலேற வேண்டிய பெட்டி அடியில் போய்விட்டால், மேலே உள்ளவற்றை ஒவ்வொன்றாக இறக்கி, அதை எடுத்து, மறுபடியும் அடுக்க வேண்டும். கிரேன் இரவு முழுக்க ஓடியிருக்கும், வெளியே போனது ஒரே பெட்டியாக இருக்கும். நீ இரண்டு வாரமாகப் பலகையின் மரவரிகளையும் காசிமேட்டு மாலை வெளிச்சத்தையும் வரைந்திருக்கிறாய். கடைசிக் காயும் ஸ்ட்ரைக்கரும் சேர்ந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதை இன்னும் எழுதவில்லை. வெளிச்சம் அழகாகத்தான் இருக்கிறது, உன் அம்மா அதைப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டினாள். ஆனால் வெள்ளிக்கிழமை மதிப்பெண் போடப்போவது ஆட்டத்துக்கு. குழுத் திட்டத்தில் மற்ற இருவரின் பங்கையும் நீயே இரவில் செய்கிறாய் என்பதையும் கேட்டேன். அதை உன் ஆசிரியருக்கு இப்போதே எழுத்தில் தெரிவித்துவிடு. ஒப்படைத்த பிறகு சொன்னால் அது புகாராகத்தான் கேட்கும்.

“விளையாடுவதற்கெல்லாம் ஒரு படிப்பா?” என்று உன் பெரியப்பா இன்னமும் கேட்கிறார். முதல் வருடம் நானும் அப்படித்தான் கேட்டேன். அது உனக்கு நினைவிருக்கும். இன்று அந்த மூன்று பையன்களின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நீ என்ன படிக்கிறாய் என்பது எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது.

பையன்கள் அடுத்த ஞாயிறும் வருவார்கள். பின்னணி வெறும் வெள்ளையாக இருந்தாலும் பரவாயில்லை, சுண்டுவதை மட்டும் மாற்றி அனுப்பு. இந்தமுறை கை கழுவிவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்; கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடர் ஒட்டிய விரலோடு தொட்டதில் என் அலைபேசித் திரை இன்னும் வழுக்குகிறது.

அன்புடன்,
அப்பா