முதலில் உள்பக்கம் பார்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களை அம்மாவும் நானும் பெரிதாக்கிப் பார்த்தோம். சிபானி டால்பின் வாங்கியிருக்கிறாய் என்றதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இங்கிலாந்தின் ரிலையன்ட் கம்பெனி 1975-இல் கொண்டுவந்த கிட்டன் காரைத்தான் 1982-இல் பெங்களூரில் டால்பின் என்று செய்தார்கள். 848 சிசி இன்ஜின், இரண்டு கதவு, முழுக்க ஃபைபர் பாடி. மாருதி 800 வந்த பிறகு அதைச் சாலையில் பார்ப்பதே அரிதாகிப்போனது. உன்னிடம் வந்திருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொள்.

காரின் பாடியில் இருக்கும் விரிசல்கள் மேல் பட்டி போட்டுத் தேய்த்து பெயின்ட் அடித்துவிடலாம் என்று கடையில் சொன்னதாக எழுதியிருந்தாய். அதற்கு ஒத்துக்கொள்ளாதே. கொஞ்ச நாளில் அதே விரிசல் பெயின்டைப் பிளந்துகொண்டு மேலே வரும். நாகப்பட்டினத்தில் ஃபைபர் படகுகளுக்கு நான் பார்க்கிற வேலைதான் இது. நீயே வீட்டில் செய்யலாம்.

விரிந்திருப்பது ஜெல்கோட், பாடியின் வெளித்தோல். ஜெல்கோட் என்பது அச்சுக்குள் முதலில் பூசுகிற பாலியஸ்டர் பிசின். கனம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். அது இறுகியதும் கண்ணாடி நார் விரிப்பான மேட்டை விரித்து, ரெசின் என்கிற பிசினை ஊற்றி உருட்டுவோம். மேட்டில் கண்ணாடி நார் இருப்பதால் அது வளைந்து கொடுக்கும். ஜெல்கோட்டில் நார் கிடையாது, வளைத்தால் வெடித்துவிடும். அது வெடித்திருக்கிறது என்றால் அந்த இடத்தில் அடி விழுந்திருக்கிறது, இல்லாவிட்டால் பாடி தேவைக்கு மேல் அசைகிறது. எது என்று தெரியாமல் வெளியே கை வைக்காதே.

முன் சக்கரத்துக்கு மேலே நட்சத்திரம் போல் விரிந்திருக்கிறதே, அது டயர் எறிந்த கல் அடியிலிருந்து மோதியதாக இருக்கலாம். கதவுக் கீல் பக்கத்தில் ஓடும் கோடுகள் வேறு. போல்ட்டை அளவுக்கு மேல் முறுக்கியிருப்பார்கள், அல்லது கதவின் கனம் இழுக்கிறது. ஒரு ரூபாய் நாணயத்தால் விரிசலைச் சுற்றி மெல்லத் தட்டிப் பார். ‘டக்’ என்று தெளிவாகக் கேட்டால் நல்லது. சத்தம் மந்தமாக இருந்தால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கும். அங்கே முதலில் உள்பக்கத்தைத் தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, மேட்டும் ரெசினும் போட்டுப் பலப்படுத்த வேண்டும். வெளிவேலை அதற்கு அப்புறம்தான்.

வெளியே இருக்கும் பெயின்டை ரிமூவர் ஊற்றி எடுக்காதே. அது ஜெல்கோட்டையும் இளக்கிவிடும். உப்புத்தாளில் தேய்த்தே எடு. ஒற்றை விரிசலை V வடிவில், நல்ல மேட் தெரியும்வரை அகலமாகத் திற. விரிசலின் முனையையும் தாண்டித் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் அது அங்கிருந்தே மறுபடி ஓடும். கொசகொசவென்று வலை போல் வெடித்த இடத்தில் ஒவ்வொன்றாகத் திறப்பது வீண். அந்தப் பகுதி ஜெல்கோட்டை முழுக்கத் தேய்த்தெடுத்து, மெல்லிய டிஷ்யூ மேட் ஒன்றை ரெசினில் ஒட்டிவிடு. தேய்க்கும்போது முகமூடி, முழுக்கைச் சட்டை. முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் குளி, அரிப்பு குறையும். ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்த பிறகே அடுத்த வேலை.

இப்போது சொல்வதை இரண்டு தடவை படி. கடையில் ஜெல்கோட், அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் என்று தனித்தனியாகக் கொடுப்பார்கள். கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் எந்தக் காரணத்துக்கும் நேரடியாகச் சேர்க்கக் கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட் முன்பே கலந்த ஜெல்கோட்டைக் கேட்டு வாங்கு. கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதே. பட்டுவிட்டால் உடனே தண்ணீரில் விடாமல் கழுவிக்கொண்டே இருந்து, அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போ. வேலையை மாடியிலோ வாசலிலோ வைத்துக்கொள், அடுப்புப் பக்கம் வேண்டாம்.

100 கிராம் ஜெல்கோட்டுக்கு 2 கிராம் கேட்டலிஸ்ட். சீக்கிரம் இறுகட்டும் என்று கூட ஊற்றினால் நொறுங்கும், குறைத்தால் கடைசிவரை இறுகாது. பெங்களூரு மார்கழிக் குளிரில் காலையில் கலக்காதே. வெயில் ஏறி, பாடியைத் தொட்டால் சூடு தெரியட்டும்.

காற்றுப் பட்டால் ஜெல்கோட்டின் மேல்பரப்பு பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். அதனால் சற்று மேடாக நிரப்பி, வழவழப்பான பாலியஸ்டர் ஷீட்டைக் குமிழி இல்லாமல் மேலே வைத்து டேப் ஒட்டு. மறுநாள் உரித்தால் கல் போல் இருக்கும். பிறகு வாட்டர் பேப்பர், முதலில் 240 நம்பர், அப்புறம் 400. பெயின்ட் அடிக்கப்போகிறோம் என்பதால் அதற்கு மேல் மினுக்க வேண்டியதில்லை, மினுக்கினால் பிரைமர் பிடிக்காது.

முதலில் சக்கரத்து மேல் விரிசலை மட்டும் எடு. கதவுப் பக்கத்தைத் தை மாதம் நான் வரும்போது சேர்ந்து பார்ப்போம், கீலைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும். அதற்குள் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள மேட் ஒரு மீட்டர் வாங்கி, பிளாஸ்டிக் உறையில் கட்டி ஈரம் படாமல் வை. உள்பக்கத்தைப் படமெடுத்து இந்த வாரமே அனுப்பு.

அன்புடன்,
அப்பா